ஒப்பிலக்கியத் தாள் எழுதப் போகிறவர்களுக்கு

முதுகலைத் தமிழில் ஒப்பிலக்கியம் ஒரு விசித்திரமான தாள். மற்றத் தாள்களில் படிக்காதவர்கள் மதிப்பெண் இழப்பார்கள்; இதில் நன்றாகப் படித்தவர்களும் இழப்பார்கள். இரண்டு நூலும் தெரிந்திருக்கும், பாட்டும் நாலு நினைவில் இருக்கும். ஆனால் விடைத்தாளைப் புரட்டினால் முதல் மூன்று பக்கம் ஒரு நூல், அடுத்த மூன்று பக்கம் இன்னொரு நூல், கடைசியில் “இவ்வாறு இரண்டிலும் ஒற்றுமையும் வேற்றுமையும் காணப்படுகின்றன” என்று ஒரு வரி. ஆறு பக்கம் எழுதியும் ஒப்பீடு அந்த ஒரு வரியைத் தாண்டியிருக்காது. இப்படிப்பட்ட விடைகளைத் திருத்தித் திருத்திச் சலித்தவன் என்ற முறையில், முதன்முறை இந்தத் தாள் எழுதப் போகிற பிள்ளைகளுக்குச் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. முதலில் வினாவின் அளவைப் பாருங்கள். “கம்பரையும் வால்மீகியையும் ஒப்பிடுக” என்று கேட்டால் அது கடல். முப்பது நிமிடத்தில் அதை யாராலும் எழுத முடியாது, கேட்டவராலும் முடியாது. அப்படிப்பட்ட வினாவை நீங்களே சுருக்கிக்கொள்ளலாம். சுருக்கியதை முதல் பத்தியில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். “இக்கட்டுரை பால காண்டத்தின் அகலிகைப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு இருவரின் நோக்கையும் பார்க்கிறது” என்று எழுதினால் எந்தத் திருத்துநரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சொல்லாமல் சுருக்கினால் மட்டும், ‘மற்றது தெரியவில்லை போலும்’ என்று நினைப்பார்.

2. கேட்கப்படுவது தாக்கமா, இணையா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த ஒன்றில் தவறினால் கட்டுரை முழுதும் தடம் புரளும்.

மனோன்மணீயம் தாக்கத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1891இல் வந்த அந்த நாடகத்துக்கு மூலம் லிட்டன் பிரபுவின் ‘இரகசிய வழி’ என்ற ஆங்கிலக் கதைப்பாட்டு. சுந்தரம் பிள்ளையே அதைத் தம் முகவுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். உள்ளே வரும் சிவகாமி சரிதைக்கு மூலம் கோல்ட்ஸ்மித்தின் ‘துறவி’. ஆகவே இங்கே எடுத்தாரா இல்லையா என்று வாதாட வேண்டியதில்லை. எதை எடுத்தார், எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பதே கேள்வி. காதலர் இருவரும் ஒருவரையொருவர் கனவில் காண்பது அங்கிருந்து வந்தது. பாண்டியன் சீவகன், சேரன் புருடோத்தமன், நாஞ்சில் நாட்டுப் பூசல், சுந்தர முனிவர், நடுவே ஓடும் தத்துவ உருவகம் ஆகியவை பிள்ளையவர்கள் சேர்த்தவை. ஆங்கில நாடகத்தின் எதுகையற்ற செய்யுள் நடைக்கு ஈடாக அவர் ஆசிரியப்பாவைத் தேர்ந்தது தனியே ஒரு பத்திக்குரிய செய்தி.

சங்க அகப்பாடல்களையும் ஆலன் தொகுத்த பிராகிருத ‘காதா சப்தசதி’யையும் ஒப்பிடச் சொன்னால் நிலைமை வேறு. இன்னாரைப் பார்த்து இன்னார் எழுதினார் என்று அங்கே கை காட்ட முடியாது. இரண்டுக்கும் அடியில் தென்னாட்டு மக்களின் பொதுவான பாடல் மரபு ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது ஜார்ஜ் ஹார்ட்டின் வாதம். அதை ஏற்கலாம், மறுக்கலாம். “சங்கப் பாடல்களைப் பார்த்தே பிராகிருதப் புலவர்கள் எழுதினர்” என்று சான்று இல்லாமல் எழுதக் கூடாது. தமிழ்ப்பற்று நல்லதுதான், தேர்வுத்தாளில் அது சான்றுக்கு ஈடாகாது.

3. கதைச்சுருக்கம் எழுதாதீர்கள். திருத்துபவருக்கு இராமாயணம் தெரியும்.

4. கோட்பாட்டு வரலாறு வினாவில் கேட்கப்பட்டாலன்றி அதற்கு நான்கு வரிக்கு மேல் கொடுக்க வேண்டாம். கதே 1827இல் ‘உலக இலக்கியம்’ பற்றிப் பேசியது, பிரெஞ்சு மரபு தாக்கத்துக்கு முதன்மை கொடுத்தது, அமெரிக்க மரபு தொடர்பில்லாத இலக்கியங்களையும் ஒப்பிட இடம் கொடுத்தது, 1958இல் ரெனே வெல்லக் இந்தத் துறையின் நெருக்கடி பற்றிப் பேசியது என்று ஒரு பக்கம் ஒப்பித்துவிட்டு அப்புறம் கம்பரிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் தொடர்பே இருக்காது. நோட்ஸில் இருந்து வந்த பக்கம் எது, சொந்தமாக எழுதியது எது என்று கையெழுத்தின் வேகத்திலேயே தெரிந்துவிடும்.

5. இப்போது எலும்புக்கூடு. இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

ஒப்பீட்டுக் கட்டுரையை இரண்டு விதமாக அடுக்கலாம். ஒன்று நூல்வாரியாக: முதலில் ஒரு நூல் முழுதும், பிறகு மற்றது. இன்னொன்று கூறுவாரியாக: ஒரு கேள்வியை எடுத்து, அதே பத்தியில் இரண்டு நூலுக்கும் அதைப் போட்டுப் பார்ப்பது, பிறகு அடுத்த கேள்வி. தேர்வில் கூறுவாரியாகவே எழுதுங்கள். நூல்வாரியாக எழுதி நல்ல ஒப்பீடு செய்ய முடியாதென்று சொல்லவில்லை. அதற்கு இரண்டாம் பாதி எழுதும்போது முதல் பாதியை ஒவ்வொரு வரியிலும் திரும்பிப் பார்க்கும் கை வேண்டும். மணி அடிக்கப் போகிற நேரத்தில் அந்தக் கை வராது.

அகலிகையையே எடுத்துக்கொள்வோம். “வால்மீகி, கம்பர், புதுமைப்பித்தன் ஆகியோரின் அகலிகையை ஒப்பிட்டு ஆராய்க” என்று வினா வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போடுங்கள். மேலே மூன்று பெயர், பக்கவாட்டில் நான்கு கேள்வி: வந்தவன் இந்திரன் என்று அவளுக்குத் தெரிந்ததா? சாபம் என்ன ஆயிற்று? மீட்சி எப்படி வந்தது? மீண்ட பிறகு என்ன?

கட்டத்தை நிரப்புங்கள். வால்மீகியின் பால காண்டத்தில் வந்திருப்பவன் இந்திரன் என்று தெரிந்தே, தேவராசன் மேல் எழுந்த ஆவலால் அவள் இசைகிறாள். கம்பரில் ஏமாந்து தொடங்குகிறது. இடையில் உணர்கிறாள், உணர்ந்தும் தகாது என்று விலகவில்லை. வால்மீகியில் அவள் கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து தவம் செய்கிறாள். கம்பரில் கல்லாகிறாள். வால்மீகியில் இராமனும் இலக்குவனும் அவள் கால்களைத் தொட்டு வணங்குகிறார்கள். கம்பரில் இராமனின் அடித்துகள் பட்டு அவள் எழுகிறாள். காலைத் தொடுபவர் யார், யாருடைய காலின் துகள் யார்மேல் படுகிறது என்ற இந்த ஒரே மாற்றத்தை வைத்து ஒரு பக்கம் எழுதலாம். கம்பரில் கூடுதலாக ஒன்று உண்டு. நெஞ்சால் பிழை செய்யாதவள் இவள், ஏற்றுக்கொள் என்று விசுவாமித்திரர் கௌதமரிடம் சொல்வதாக வைக்கிறார்.

புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ 1943இல் வந்த சிறுகதை. காவியங்கள் இரண்டும் முடித்துவிட்டுக் கிளம்புகிற இடத்தில்தான் அது தொடங்குகிறது. எனவே கட்டத்தில் அவருக்குக் கீழே முதல் இரண்டு கேள்விக்கு அதிகம் எழுத இருக்காது. நான்காவது கேள்வியில் மற்ற இருவருக்கும் கீழே ஏறக்குறைய வெறுமை, இவருக்குக் கீழே கட்டம் நிரம்பி வழியும். அந்த வெறுமையை விட்டுவிடாதீர்கள். யார் எந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்பதும் ஒப்பீடுதான். நல்ல விடைகளில் அதுதான் சிறந்த பத்தியாக அமையும்.

கட்டம் நிரம்பியதும் பத்திகள் தாமாக வரும். பக்கவாட்டுக் கேள்வி ஒவ்வொன்றும் ஒரு பத்தி. ஒவ்வொரு பத்தியிலும் மூவர் பெயரும் வர வேண்டும். வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்றாவது சொல்லியிருக்க வேண்டும்.

6. “கம்பர் மாற்றினார்” என்று எழுதும் முன் பேனாவை ஒரு நொடி நிறுத்துங்கள். மாணவர்கள் மிகவும் விரும்பி எழுதும் தொடர் இது, பாதி இடங்களில் தவறாகவும் இருக்கும். அகலிகை கல்லானது கம்பரின் கற்பனை என்று எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலைப் பாருங்கள். திருப்பரங்குன்றத்தில் தீட்டியிருந்த ஓவியங்களைக் காட்டி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்: பூனையான இந்திரன், அகலிகை, கௌதமன், அவன் சினத்தால் அவள் கல்லான கோலம். அது கம்பருக்குப் பல நூற்றாண்டு முந்தியது. கல்லும் இராமன் அடித்துகளும் சேர்ந்தே காளிதாசரின் இரகுவம்சத்தில், பதினோராம் சருக்கத்தில் இருக்கின்றன. வால்மீகியிலேயே உத்தர காண்டத்தில் இந்தக் கதை மீண்டும் வருகிறது. அங்கே அகலிகை தெரியாமல் ஏமாந்தவளாகப் பேசுகிறாள். ஆக, கம்பர் கையில் ஒரு கதை இல்லை, பல கதைகள் இருந்தன. அவர் எதைப் படைத்தார் என்று கேட்பதைக் காட்டிலும், இருந்தவற்றுள் எதைத் தேர்ந்தார், தேர்ந்ததை எங்கே அழுத்தினார் என்று கேட்பது பாதுகாப்பானது. ஆழமானதும் அதுவே.

இரண்டு நூலுக்கு நடுவே யார் நிற்கிறார் என்று பார்க்கும் இந்தப் பழக்கம் வேறு இடங்களிலும் உதவும். கவிமணியின் உமர்கய்யாம் பாடல்களைப் பாரசீக மூலத்தோடு நேராக வைத்து எழுதுபவர்கள், நடுவில் நிற்கும் 1859ஆம் ஆண்டு ஃபிட்ஸ்ஜெரால்டை மறந்துவிடுகிறார்கள். கவிமணி எட்டிப் பிடித்தது அந்த ஆங்கிலக் கையைத்தான். அவரிடம் காணும் ஒரு வேற்றுமை அவருடையதா, ஆங்கிலேயருடையதா என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

7. ஒற்றுமையைச் சுருக்கி எழுதுங்கள். இரண்டு காதல் பாடல்களிலும் காதல் இருக்கிறது, இரண்டு போர்க் காவியங்களிலும் வீரர்கள் சாகிறார்கள். இதைச் சொல்ல முதுகலை வேண்டாம். ஒற்றுமை இரண்டையும் ஒரு மேடையில் ஏற்றுவதற்கு மட்டும். ஏற்றியாயிற்று என்றால் வேற்றுமைக்குப் போங்கள். வேற்றுமையைப் பட்டியல் போட்டுவிட்டு நிற்காமல் ஏன் என்று கேளுங்கள். மதிப்பெண் இருப்பது அந்த ‘ஏன்’ என்ற இடத்தில்.

காரணம் தேட நான் நான்கு பக்கம் பார்ப்பேன்: காலம், சமயம், இலக்கிய வடிவம், கேட்பவர். வால்மீகியின் அந்தக் காட்சியில் இராமன் முனிவரின் பின்னே வந்த இளவரசன். முனிபத்தினியின் காலைத் தொடுவது அவன் மரியாதை. கம்பருக்கு முன்னே ஆழ்வார்களின் பாசுரங்கள் தமிழ்நாட்டில் ஒலித்து முடிந்திருக்கின்றன. கேட்பவர்களுக்கு இராமன் திருமால், அவன் திருவடி அருள் செய்யும். அந்தத் திருவடிகள் இன்னொருவர் காலை நோக்கிக் குனிவதைவிட அவற்றின் தூசியே ஒரு கல்லை எழுப்புவது அவர்களுக்கு இயல்பு. புதுமைப்பித்தன் எழுதியது பத்திரிகை வாசகருக்கு, அதுவும் சிறுகதையாக. சிறுகதைக்கு ஒரே ஒரு அடி போதும். சீதை வந்து தான் தீக்குளிக்க நேர்ந்ததைச் சொல்ல, கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். காவியத்தின் முடிவில் நடந்ததைக் கொண்டு காவியத்தின் தொடக்கத்தில் நடந்த அருளையே அவர் கேள்வி கேட்கிறார். கம்பருக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்காது என்று எழுதிவிடாதீர்கள். அவருக்கு என்ன தோன்றியது என்று நமக்கெப்படித் தெரியும்? அவர் எடுத்துக்கொண்ட வடிவத்தில் அதற்கு இடமில்லை என்று எழுதலாம்.

8. யார் உயர்ந்தவர் என்று தீர்ப்பு வழங்க வேண்டுமா? வினா கேட்டால் மட்டும். வ.வே.சு. ஐயர் 1920களின் தொடக்கத்தில் பெல்லாரிச் சிறையில் இருந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய கம்பராமாயண ஆய்வில் கம்பரைத் தயங்காமல் உச்சியில் வைக்கிறார். ஆனால் அவர் ஹோமரையும் மில்டனையும் வால்மீகியையும் பக்கம் பக்கமாக அருகில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் அங்கே ஏறுகிறார். நாம் ஏணி இல்லாமல் ஏற நினைக்கிறோம். “கவிச்சக்கரவர்த்திக்கு நிகர் உலகில் இல்லை” என்ற வகை வாக்கியத்துக்கு மதிப்பெண் கொடுக்கவும் முடியாது, குறைக்கவும் மனம் வராது; படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம்.

9. அறிஞர் பெயர்களை வாசல் தோரணமாகக் கட்ட வேண்டாம். கைலாசபதியின் பெயரைச் சொன்னால், சங்க வீரப்பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் வீரயுகப் பாடல்களோடு அவர் ஏன் சேர்த்துப் பார்த்தார், வாய்மொழி மரபு என்ற கருத்தை எங்கே பயன்படுத்தினார் என்று இரண்டு வரி சொல்லுங்கள். 1968இல் வந்த அந்த நூலின் பெயரை மட்டும் எழுதி அடிக்கோடிட்டால் நூலகப் பட்டியல் மாதிரி இருக்கும். தமிழண்ணலுக்கும் வை. சச்சிதானந்தனுக்கும் இதுவே. கருத்து தெரியாத பெயரை விட்டுவிடுங்கள். ஒரு பெயரும் இல்லாமல் முதல் தரத்தில் தேறிய விடைகளைப் பார்த்திருக்கிறேன்.

10. பாட்டு முழுவதும் நினைவில்லையென்றால் நினைவிருக்கிற ஒரு சீரோடு நிறுத்திக்கொண்டு, பொருளைச் சொந்த நடையில் எழுதி, படலத்தின் பெயரைச் சொல்லுங்கள். நினைவிருப்பதற்காக வேண்டாத பாட்டை இழுத்து வராதீர்கள். எட்டு வரி மேற்கோள், கீழே “என்ற பாடல் இதனை விளக்குகிறது” என்று ஒரு வரி. என்ன விளக்குகிறது? சொல்ல வேண்டியது அதுதானே.

இன்னொன்று. ஒரு நூலுக்கு நான்கு மேற்கோள் கொடுத்து மற்ற நூலுக்கு ஒன்றும் கொடுக்காமல் விட்டால், இரண்டாவதை நீங்கள் படிக்கவில்லை என்று திருத்துபவர் நினைப்பார். பெரும்பாலும் சரியாகவும் நினைப்பார். வால்மீகிக்கு வடமொழிச் சுலோகம் யாரும் எதிர்பார்க்கவில்லை. காண்டத்தையும் நிகழ்ச்சியையும் துல்லியமாகச் சொன்னால் போதும்.

11. முன்னுரையை “இலக்கியம் காலத்தின் கண்ணாடி” என்று தொடங்கினால் அந்தக் கட்டில் அதே வரியோடு இன்னும் இருபது தாள் இருக்கும். முதல் வாக்கியத்திலேயே உங்கள் முடிவைச் சொல்லுங்கள்: “மூவரின் அகலிகையும் ஒரே பிழையைச் சுமந்தாலும், மன்னிப்பு யாரிடமிருந்து வர வேண்டும் என்பதில் மூவரும் பிரிகிறார்கள்.” இப்படி ஒரு வாக்கியம் இருந்தால் பின்னால் வருகிற நான்கு பத்தியும் அதற்குக் கட்டுப்பட்டு நடக்கும். முன்னுரை ஐந்து வரி போதும். முடிவுரையும் அவ்வளவே, அங்கே புதுச் சான்று எதையும் நுழைக்காதீர்கள்.

12. நேரம். மூன்று மணி நேரத்தில் ஐந்து கட்டுரை என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம். 5 நிமிடம் கட்டத்துக்கு, 28 நிமிடம் எழுத, 3 நிமிடம் திருப்பிப் பார்க்க. கட்டம் போடுகிற ஐந்து நிமிடத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒரு பக்கம் முடித்திருப்பார், அடிஷனல் ஷீட் கேட்டுக் கை தூக்குவார். பதறாதீர்கள். அவர் எழுதிக்கொண்டிருப்பது கதைச்சுருக்கமாக இருக்கும்.

குடிமைப்பணித் தேர்வில் தமிழை விருப்பப்பாடமாக எடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு. ஒரு தாளுக்கு 250 மதிப்பெண், அதே மூன்று மணி நேரம், வினாக்கள் 10, 15, 20 என்று துண்டு துண்டாக வரும். பத்து மதிப்பெண் வினாவுக்கு நான்கு கூறு எடுத்தால் எதுவும் நிறைவாக வராது. ஒரே கூறு எடுத்து, இரண்டு பக்கமும் காட்டி, ஒரு காரணம் சொல்லி முடித்துவிடுங்கள்.

13. நேரம் போதாமல் கடைசிக் கட்டுரை பாதியில் நிற்கும் என்று தெரிந்தால் கூறுவாரி அமைப்பின் அருமை அப்போது தெரியும். இரண்டு கூறு எழுதி நிறுத்தினாலும் அது ஒப்பீடாக நிற்கும். நூல்வாரியாக எழுதிப் பாதியில் விட்டால் ஒரு நூலைப் பற்றிய குறிப்பு மட்டும்தான் மிஞ்சும். எழுதாமல் விட்ட கூறுகளை ஒரு வரியில் பெயர் சொல்லிவிட்டு, முடிவு வாக்கியத்தை எழுதிவிடுங்கள்.

14. வினாவில் வரும் இரண்டு நூலில் ஒன்றை மட்டும்தான் படித்திருக்கிறீர்கள் என்றால் அந்த வினாவைத் தொடாதீர்கள். ‘அல்லது’ என்று கீழே இன்னொன்று இருக்கும். அதிலும் ஒன்றுதான் தெரியும் என்றால், படிக்காத இரண்டு நூலில் எதன் வடிவமும் காலமும் உங்களுக்குச் சற்றேனும் தெரியுமோ அந்த வினாவை எடுத்து, தெரிந்த அளவுக்குள் கூறுகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். பாத்திரம் பற்றிப் பேச முடியாத இடத்தில் வடிவம் பற்றிப் பேசலாம். சுந்தரம் பிள்ளையைப் படித்து லிட்டனைப் படிக்காதவர், ஆங்கிலக் கதைப்பாட்டு ஒன்று தமிழில் அங்கமும் களமுமாகப் பிரிந்த நாடகமானது எப்படி என்பதில் தொடங்கலாம். ஆனால் படிக்காத நூலில் வராத நிகழ்ச்சியை மட்டும் வரவழைத்துவிடாதீர்கள். திருத்துபவர் அதைப் படித்திருப்பார்.